மெடெயினில் மூன்று மாதம்: எங்கே தங்குவது, எப்போது ஊரைப் பார்ப்பது?

நள்ளிரவுக்_குறியாளர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் நேரத்துக்கு வேலை பார்க்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. நான் படுக்கப் போகும் நேரத்தில் பால்காரர் வந்துவிடுவார். இந்த ஆண்டு மூன்று மாதம் வெளிநாட்டிலிருந்து வேலை செய்துகொள்ளலாம் என்று நிறுவனத்தில் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். கொலம்பியாவின் மெடெயினை மனதில் வைத்திருக்கிறேன். பல ஆண்டு செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருக்கிறது.

படித்த வரை எல்லாரும் எல் பொப்லாதோ என்ற பகுதியைத்தான் சொல்கிறார்கள். அது சரிதானா? தினம் எட்டு மணி நேரம் திரைக்கு முன்னால் போய்விட்டால் ஊரைப் பார்க்க என்ன மிஞ்சும்? முட்டை சாப்பிடுவேன், இறைச்சி மீன் கிடையாது. போதைப்பொருள் கடத்தல் தலைவன் எஸ்கோபாரின் கதைகள் வேண்டாம், அவை தேவைக்கு மேல் கிடைக்கின்றன.

பனிக்காலப்பறவை எழுதியது:

நான் ரொறன்ரோ. குளிர்காலத்தில் மெடெயினுக்குப் போய் இருந்து வேலை செய்கிறவள். அதால் நேரக்கணக்கில் இருந்து தொடங்குகிறேன். கொலம்பியாவில் கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்று மணிக்கூட்டை மாற்றுவதில்லை. நவம்பரில் இருந்து மார்ச் வரை நியூயோர்க்கும் மெடெயினும் ஒரே நேரம், மற்ற மாதங்களில் மெடெயின் ஒரு மணித்தியாலம் பின்னால். கோடையில் போனால் உங்களுக்கு வேலை காலை எட்டுக்குத் தொடங்கி நாலு, ஐந்துக்கு முடிந்துவிடும். கேட்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனால் பூமத்திய ரேகைக்கு ஆறு பாகை வடக்கே இருக்கிற ஊர் அது. ஆண்டு முழுக்க ஆறு மணியை ஒட்டி விடியும், ஆறு ஆறரைக்குள் இருட்டிவிடும். கோடை என்றால் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும் என்று எங்களைப் போல நினைத்து வேலை முடிய வெளிக்கிட்டால், மெட்ரோவில் சனத்தோடு நெரிபட்டுப் போய் இறங்கும்போது பொழுது பட்டிருக்கும். மழைக்காலம் என்றால், அதாவது ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டெம்பர் கடைசியில் இருந்து நவம்பர் வரையும், பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கொட்டும்.

ஆகவே ஊர் பார்க்கிறதைக் காலையில் வையுங்கோ. வார நாளில் விடிய நாலரைக்கே மெட்ரோ ஓடத் தொடங்கும். விடிகிற நேரத்திலேயே பேக்கரிகளில் பான்தேகேசோவும் புனுவேலோவும் சுடச்சுட வந்துவிடும், இரண்டிலும் சீஸ் உண்டு, இறைச்சி இல்லை. அந்த ஊர்ச்சனம் நேரத்தோடு எழும்பி நேரத்தோடு படுக்கிற சனம். ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் வேலைக்கு முதல் இரண்டு மணித்தியாலம் முழுசாக உங்களுடையது. பின்னேரத்தில் அந்த இரண்டு மணித்தியாலம் கிடைக்காது.

மலைச்சரிவு எழுதியது:

பறவை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சில வருடங்களாக இங்கேயே குடியிருப்பவன் என்பதால் வீட்டு விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஊரின் கிடப்பு. அபுர்ரா என்ற நீளமான, குறுகலான பள்ளத்தாக்கு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். நடுவே மெடெயின் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. 1995-இல் திறந்த மெட்ரோவின் ஏ தடம் பெரும்பாலும் அந்த ஆற்றை ஒட்டியே போகும். ஆற்றங்கரை தட்டை, இரண்டு பக்கமும் போகப் போக ஏற்றம். எல் பொப்லாதோ கிழக்குச் சரிவில் இருக்கிறது. வரைபடத்தில் மெட்ரோவிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்று காட்டும் வீடு, நடந்து பார்த்தால் நாக்குத் தள்ளும் ஏற்றத்தில் இருக்கும். மேலே போனால் காவலாளி நிற்கும் அடுக்குமாடிகள், பாதியில் காணாமல் போகும் நடைபாதை, ஒரு ரொட்டி வாங்கக்கூட டாக்சி. கீழே ப்ரொவென்சா, லேராஸ் பூங்கா பக்கம் கடைகள் உண்டு, கூடவே இரவு விடுதிகளின் சத்தமும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு அங்கே தூங்கலாம் என்று நம்புகிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நம்பலாம்.

ஆற்றுக்கு மேற்கே லௌரெலெஸ். தட்டையான இடம், மர நிழல், நடந்து போகும் தூரத்தில் கடை, பேக்கரி, முடிவெட்டும் இடம் எல்லாம். 1940-களில் ஓவியர் பெத்ரோ நெல் கோமெஸ் வரைந்த திட்டம் அது, தெருக்கள் வட்டம் வட்டமாகச் சுற்றும். மெட்ரோவின் பி தடத்தில் எஸ்தாதியோ நிலையம் பக்கத்தில். அந்த நிலையத்தின் பெயரே விளையாட்டரங்கம்தான். ஆட்டம் இருக்கும் இரவில் எழுபதாம் கர்ரேராவில் வீடு எடுத்தவர்கள் பாவம், ஆகவே அந்தத் தெருவுக்கு நான்கு தெரு தள்ளிப் பாருங்கள்.

தெற்கே என்விகாதோ. மெடெயினோடு ஒட்டிக் கிடந்தாலும் தனி நகராட்சி, மெட்ரோ உண்டு. பொப்லாதோவின் கீழ்ப்பகுதி அளவுக்கு வெளிநாட்டவர் இல்லை. கொஞ்சமாவது ஸ்பானிஷ் பேச வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். பொப்லாதோவில் நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பரிசாரகர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்.

முகவரி முறையை விமானத்திலேயே படித்துவிடுங்கள். ஆற்றுக்கு இணையாக ஓடும் தெரு கர்ரேரா, குறுக்கே ஓடுவது காய்யே. 'கர்ரேரா 43ஏ, எண் 7-50' என்றால் அந்தக் கர்ரேராவில், ஏழாம் காய்யே முனையிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர். இது பிடிபட்டுவிட்டால் போன் வெளியே எடுக்காமல் பாதி ஊரை நடக்கலாம். லௌரெலெஸில் மட்டும் அந்த வட்டத் தெருக்களால் இந்தக் கணக்கு உதைக்கும், பழைய டாக்சிக்காரரே ஒரு சுற்றுச் சுற்றித்தான் கண்டுபிடிப்பார்.

ஒப்பந்தம் பற்றி: 30 நாளுக்குக் குறைவாக வீடு விடுகிறவர் தேசியச் சுற்றுலாப் பதிவேட்டில் எண் வாங்கியிருக்க வேண்டும், கட்டடத்தின் விதிமுறையும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பல கட்டடங்கள் கொடுப்பதில்லை. பணம் கட்டுமுன் அந்த எண்ணைக் கேளுங்கள். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் ஃபியதோர், அதாவது சொத்துள்ள உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பார்கள், அது உங்களுக்கு ஆகாது. சாமான்களோடு மாத வாடகைக்குக் கிடைப்பதைப் பாருங்கள்.

நள்ளிரவுக்_குறியாளர் எழுதியது:

நிறைய விவரம், நன்றி அண்ணா. விளம்பரங்களில் 'எஸ்த்ராதோ 5', 'எஸ்த்ராதோ 6' என்று போடுகிறார்களே, அது என்ன? நட்சத்திரக் குறியீடா?

மலைச்சரிவு எழுதியது:

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிவிட்டது, ஆனால் தொடக்கம் வேறு. கொலம்பியாவில் வீடுகளுக்கு 1 முதல் 6 வரை படிநிலை உண்டு. 1994-ஆம் ஆண்டின் 142-ஆம் சட்டப்படி மின்சாரம், தண்ணீர் கட்டணம் இதை வைத்துத்தான். 1, 2, 3-க்குச் சலுகை. 4 அடக்க விலை கட்டும். 5, 6 கூடுதலாகக் கட்டி அந்தச் சலுகைக்குப் பங்கு கொடுக்கும். பொப்லாதோவில் பெரும்பாலும் 5, 6. லௌரெலெஸில் 4, 5. கட்டணத்துக்காக வந்த எண் இப்போது ஆளை எடைபோடவும் பயன்படுகிறது, 'அவன் எஸ்த்ராதோ ஆறு' என்பது ஒரு மனிதரைப் பற்றிய முழு விமர்சனம்.

மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஈபீஎம் என்ற நகராட்சியின் சொந்த நிறுவனம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். நானும் குடிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காகிதங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே.

இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கொலம்பிய விசா தேவை. ஆனால் குறைந்தது 180 நாள் செல்லுபடி மிச்சமிருக்கும் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா இருந்தால் தனியாக எடுக்க வேண்டியதில்லை. வந்து இறங்கியதும் 90 நாள் முத்திரை, ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் வரை நீட்டிக்கலாம். புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செக்-மிக் என்ற குடிவரவுப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

இணையவழி வேலை செய்பவர்களுக்கென்று 2022 அக்டோபரில் ஒரு விசா வந்தது. இரண்டு ஆண்டு வரை கொடுப்பார்கள், கொலம்பியக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வருமானம் காட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடு வேண்டும், கொலம்பிய நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது. ஆனால் விசா இல்லாமல் வர அனுமதி உள்ள நாடுகளின் கடவுச்சீட்டுக்கே அது. கனடா, சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு வழி திறந்திருக்கிறது, வெறும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு இல்லை.

வரி: எந்த 365 நாள் தொடரிலும் 183 நாளுக்கு மேல் தங்கினால் வரிக் கணக்கில் நீங்கள் கொலம்பியக் குடியிருப்பாளர், உலகில் எங்கே சம்பாதித்தாலும் அவர்கள் கணக்கில் வரும். 180 நாள் முத்திரை காலண்டர் ஆண்டுக்கு, 183 நாள் எண்ணிக்கை அப்படி இல்லை. ஆகஸ்ட்டில் போய் மார்ச் வரை இருந்தால் முத்திரையில் தவறே இல்லாமல் வரியில் மாட்டலாம். பறவை அக்காவுக்காகச் சொன்னேன், மூன்று மாதக்காரருக்குக் கவலை இல்லை.

இன்னொன்று, இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கடைசி நிமிடம் வரை நினைக்காதது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கொலம்பியாவிலிருந்து திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், கோவையிலிருந்து ஒரு நாள் ஒதுக்கிப் போய் வந்துவிடுங்கள்.

பனிக்காலப்பறவை எழுதியது:

கணக்குப்பிள்ளை, நான் மார்ச் மாதம் பனி உருகும் முன்னமே வீடு திரும்பிவிடுகிற ஆள். ஆனால் எண்ணிப் பார்க்கிறேன், நன்றி.

கறார்பேர்வழி எழுதியது:

எல்லாரும் எங்கே தங்கலாம் என்று பேசுகிறீர்கள். தங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. 2024-இல் கொலம்பியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 13 லட்சம் பெசோ. பொப்லாதோவில் சாமான்களோடு ஒரு படுக்கையறை வீட்டுக்கு நீங்கள் கொடுக்கத் தயாராக இருப்பது எளிதாக அதைப் போல மூன்று மடங்கு. அந்த வாடகை கிடைக்கும் என்று தெரிந்த வீட்டுக்காரர் உள்ளூர்க் குடும்பத்துக்கு ஏன் விடுவார்? ஊர்ச் சுவர்களில் இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள், பாதிப் பேர் அதை ஓவியம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

லௌரெலெஸுக்குப் போங்கள் என்ற அறிவுரையும் இதே கதைதான். 2023-இல் டைம் அவுட் பத்திரிகை உலகின் அருமையான பேட்டைகள் பட்டியலில் லௌரெலெஸை முதலிடத்தில் வைத்தது. அடுத்து என்விகாதோ. அதற்கடுத்து எங்கே?

மலைச்சரிவு எழுதியது:

கறார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நான் குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டு குடும்பங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் காலி செய்தன, இப்போது அந்த வீடுகளில் வாரத்துக்கு ஒரு புதுப் பெட்டி உருளும் சத்தம். ஆனால் வீடுகளை அப்படி மாற்றுவது வெளிநாட்டவர் மட்டும் இல்லை. உள்ளூர் முதலாளி நாலு வீடு வாங்கிச் சுற்றுலாவுக்கு விடுகிறார். நாள் வாடகை வீடு என்றால் ஒரு குடும்பத்தின் வீடு சந்தையை விட்டே போய்விடுகிறது. மூன்று மாதம் தங்குகிறவர் ஒரு அறை எடுத்து, வீட்டுக்காரரோடு அதே வீட்டில் இருந்தால் அந்தப் பாதிப்பு குறைவு. ஸ்பானிஷும் வரும். தனி வீடுதான் வேண்டும் என்பதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கறார்பேர்வழி எழுதியது:

அறை எடுப்பது நல்ல யோசனை. மிச்சத்தில் உடன்பாடு இல்லை, வெளிநாட்டுப் பணம் வராவிட்டால் அந்த உள்ளூர் முதலாளி நாலு வீடு வாங்கியிருக்க மாட்டார்.

புளிக்குழம்பு எழுதியது:

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்கு வருவோம்.

சைவத்துக்கு மெடெயின் கஷ்டம் என்பவர்கள் மெனு தெல் தியாவைக் கவனிக்காதவர்கள். மதியம் தெருவுக்குத் தெரு சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அன்றைய சாப்பாடு: ஒரு சூப், சோறு, பீன்ஸ் அல்லது பருப்பு, கொஞ்சம் பச்சைக் காய்கறி, வறுத்த வாழை, ஒரு துண்டு இறைச்சி, பழச்சாறு. 15,000 முதல் 20,000 பெசோ, அதாவது நாலைந்து டாலர். இறைச்சிக்குப் பதில் முட்டை கேட்டால் முகம் சுளிக்காமல் போட்டுத் தருவார்கள். ஆனால் சிவப்பு பீன்ஸ் பல கடைகளில் பன்றித்தோலோடு வெந்திருக்கும், சூப்பு எலும்பில் கொதித்திருக்கும். 'கார்னே (இறைச்சி) இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழியைக் கொண்டுவருவார்கள். 'சின் கார்னே, சின் போய்யோ, சின் செர்தோ' (இறைச்சி, கோழி, பன்றி இல்லாமல்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பந்தேகா பைசா என்ற புகழ்பெற்ற தட்டை மறந்துவிடுங்கள், அதில் பன்றியே மூன்று வேடத்தில் வரும்.

வீட்டில் சமைத்தால் ராஜ வாழ்க்கை. பனேலா என்று விற்பது நம் கரும்பு வெல்லம்தான், அதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்து அவர்கள் நாள் முழுக்கக் குடிப்பார்கள். கொத்தமல்லி கட்டுக் கட்டாக. நேந்திரன் மாதிரிப் பெரிய வாழை பச்சையிலும் பழத்திலும். லுலோ என்று ஒரு பழம், புளிப்புக்கு அதைச் சாறாகக் குடித்தே ஆக வேண்டும். மாங்காய் கீற்று உப்பு, எலுமிச்சையோடு தெருவில் விற்கும், மிளகாய்ப் பொடி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், அந்த மலைநாட்டுச் சமையலில் காரம் கிடையாது. துவரம்பருப்பு, பெருங்காயம் பெட்டியில் இருக்கட்டும்.

புளி வேண்டுமா? வடமேற்கே சாந்தா ஃபே தெ அந்தியோகியா என்ற பழைய ஊர், கௌகா ஆற்றின் வெப்பமான பள்ளத்தாக்கில். அங்கே புளிய மரங்கள் நிறைய, புளியைச் சர்க்கரையோடு பிசைந்து மிட்டாயாக விற்பார்கள். சர்க்கரை சேர்க்காத புளியும் கேட்டால் கிடைக்கும், என் ரசம் அதில்தான். அந்த ஊருக்கு வெளியே ஒரு மரப்பலகைத் தொங்குபாலம், 1895-இல் முடித்தது, கட்டியவர் ஹொசே மரியா வில்லா என்ற பொறியாளர். மெடெயினின் பெரிய காய்கறிச் சந்தையான மினோரிஸ்தாவின் முழுப் பெயரில் இருப்பதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பாலம், சனிக்கிழமை காலை சந்தை. பேரம் பேச ஸ்பானிஷ் எண்கள் போதும்.

நள்ளிரவுக்_குறியாளர் எழுதியது:

புளிக்குழம்பு அண்ணா, விசாவை விட இதுதான் எனக்கு நிம்மதி. கொமுனா 13 என்ற மலைச்சரிவுக் குடியிருப்புக்குப் போகலாமா? ஓவியம், எஸ்கலேட்டர், நடனம் என்று எல்லாக் காணொளியிலும் வருகிறது.

பனிக்காலப்பறவை எழுதியது:

போங்கோ. ஒரு வார நாள் காலையில் போங்கோ, சனி பின்னேரம் போனால் சனத்தின் முதுகுதான் தெரியும்.

கறார்பேர்வழி எழுதியது:

போகாதீர்கள். மனிதர்கள் குடியிருக்கும் தெருவைக் கண்காட்சியாக்கி, ஒலிபெருக்கி வைத்து, எஸ்கோபார் படம் போட்ட பனியனையும் விற்கிறார்கள்.

மலைச்சரிவு எழுதியது:

இருவரும் சொல்வது ஒரே தெருவைப் பற்றித்தான். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போவதும், தெரியாமல் போவதும் வேறு வேறு.

2002 அக்டோபரில் ராணுவமும் காவல்துறையும் சேர்ந்து ஒரியோன் நடவடிக்கை என்ற பெயரில் கெரில்லாக்களை விரட்ட அந்தக் குடியிருப்புக்குள் இறங்கின. ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டார்கள். கூட இருந்தது துணைராணுவக் குழுக்கள் என்று அங்கே சொல்லப்படும் சட்டவிரோத ஆயுதக் கும்பல்கள், அதன் பிறகு பகுதி அவர்கள் கைக்குப் போனது, ஆட்கள் காணாமல் போனார்கள். மேலே லா எஸ்கொம்ப்ரேரா என்ற கட்டட இடிபாடு கொட்டும் இடத்தில் புதைத்தார்கள் என்று தாய்மார்கள் இருபது வருடமாகச் சொல்லி வந்தார்கள். 2024 டிசம்பரில் அங்கே முதல் எலும்புகள் கிடைத்தன. அடுத்த மாதம் இளைஞர்கள் 'தாய்மார்கள் சொன்னதுதான் சரி' என்று பெரிதாகச் சுவரில் எழுதினார்கள். நகராட்சி அதை அழித்தது, எதிர்ப்பு வந்தது, மறுபடி எழுதினார்கள்.

எஸ்கலேட்டர் வந்தது 2011 டிசம்பரில். ஆறு பகுதி, மொத்தம் 384 மீட்டர். அதற்கு முன் ஏறத்தாழ 28 மாடி உயரத்தை வயதானவர்கள் படியேறித்தான் வீட்டுக்குப் போனார்கள். சுற்றுலாவுக்காகக் கட்டியது இல்லை. சுற்றுலா அப்புறம் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் வழி வேறு. கொமுனா 13-க்கு முன்பு மையத்துக்குக் கிழக்கே இருக்கும் நினைவு இல்ல அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அப்புறம் அசெவெதோ நிலையத்தில் இறங்கிக் கே தடம் மெட்ரோகேபிள் என்ற ரோப் காரில் ஏறுங்கள். 2004-இல் வடகிழக்குச் சரிவின் குடியிருப்புகளுக்காக ஓடத் தொடங்கியது. மெட்ரோ டிக்கெட்டிலேயே அடக்கம். கடவுச்சீட்டைக் காட்டிச் சீவிகா என்ற மெட்ரோ பயண அட்டை எடுத்துக்கொண்டால் கட்டணம் இன்னும் குறையும். காலை ஆறரைக்கு நீங்கள் மேலே போவீர்கள், ஊர் முழுக்க வேலைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் பெட்டி காலி, எதிர்ப் பெட்டிகள் எல்லாம் நிறைந்திருக்கும். கூரைகள் காலடியில் போகும், துணி உலர்த்துகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சாந்தோ தொமிங்கோவில் இறங்கி ஒரு தின்தோ (பால் சேர்க்காத காப்பி) குடித்துவிட்டு, எட்டு மணிக் கூட்டத்துக்குத் திரும்பிவிடலாம். அங்கிருந்து ஆர்வி காட்டுக்குப் போகும் எல் தடத்துக்குத் தனிக் கட்டணம், காலை இவ்வளவு சீக்கிரம் ஓடாது, வழக்கமாகத் திங்கள் பராமரிப்பு. அது சனிக்கிழமை வேலை.

நகர மையத்தில் சிற்பி பொத்தேரோவின் வெண்கலச் சிலைகள் 23 இருக்கும் சதுக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். சில தெரு தள்ளி சான் அந்தோனியோ பூங்காவில் அவருடைய இரண்டு பறவைகள் உண்டு. ஒன்றில் 1995 ஜூனில் இசை நிகழ்ச்சி நடந்த இரவு குண்டு வைத்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிழிந்த சிலையை அப்படியே விடச் சொல்லிவிட்டு, 2000-இல் பொத்தேரோ பக்கத்தில் புதிதாக இன்னொன்றைக் கொடுத்தார். எஸ்கோபார் வேண்டாம் என்றீர்கள், நல்லது. இந்த ஊர் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது.

சிங்கைவாசி எழுதியது:

வேலை செய்யும் இடம் பற்றி ஒரு வரி. கூட்டுப்பணியிடம் பொப்லாதோவிலும் லௌரெலெஸிலும் தெருவுக்குத் தெரு, வீட்டு ஃபைபர் இணையமும் நன்றாகவே இருக்கும். கூட்டம் இல்லாத நாளில் நான் பிலோத்தோ பொது நூலகத்துக்குப் போவேன், எஸ்தாதியோவுக்கு ஒரு நிலையம் முன்னால், கார்லோஸ் இ. ரெஸ்த்ரேப்போ குடியிருப்புப் பக்கம். இலவசம். யுனெஸ்கோ முன்மாதிரியாகத் தொடங்கி வைத்த பொது நூலகங்களில் ஒன்று அது, இன்னொன்று டெல்லிப் பொது நூலகம். பழைய மெடெயின் புகைப்படச் சேமிப்பும் அங்கே பெரிது.

விடுமுறை விஷயம்: கொலம்பியாவில் ஆண்டுக்கு 18 பொது விடுமுறை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலானவை திங்களுக்குத் தள்ளப்படும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு அந்தத் திங்கள் வேலை நாள்தான், நீங்கள் மடிக்கணினியோடு இருப்பீர்கள், ஊர் வெளியூர் போயிருக்கும். அந்த மூன்று நாளில் மட்டும் குவாத்தபே என்ற ஏரிக்கரை ஊருக்குப் போகாதீர்கள், அங்கே பெரிய பாறை ஏறும் எழுநூற்றுச் சொச்சம் படியிலும் வரிசை நிற்கும். வேறு சனிக்கிழமை, காரிபே மெட்ரோ நிலையத்தோடு ஒட்டிய வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து போங்கள். அந்த அழகான ஏரி மின்சாரத்துக்காக 1970-களில் தேக்கியது, பழைய எல் பெஞோல் ஊர் அதற்குள் மூழ்கிக் கிடக்கிறது. உங்கள் மடிக்கணினிக்கு வரும் மின்சாரத்தின் வழி அது.

நள்ளிரவுக்_குறியாளர் எழுதியது:

அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும். பாதுகாப்பு எப்படி? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பனிக்காலப்பறவை எழுதியது:

தனியே போகிற பொம்பிளையாக நான் சொல்கிறேன். 1991-இல் ஒரு லட்சம் பேருக்கு முன்னூற்றைம்பதுக்கும் மேல் கொலை நடந்த ஊர், இன்றைக்கு அந்த ஊர் இல்லை. இன்றைய ஆபத்து வேறு. முதலாவது கைத்தொலைபேசி. தெருவில் நடந்துகொண்டே பார்க்காதேங்கோ, கடைக்குள் போய்ப் பாருங்கோ. மோட்டார்சைக்கிளில் வந்து பறிப்பது நொடியில் முடியும்.

இரண்டாவது ஆம்பிளைகளுக்குத்தான் கூட. 2023 நவம்பர், டிசம்பரில் மட்டும் எட்டு அமெரிக்கர் சந்தேகத்துக்கிடமாக இறந்ததை வைத்து அவர்களின் தூதரகம் 2024 ஜனவரியில் எச்சரிக்கை விட்டது, பலவற்றில் காதல் செயலிச் சந்திப்பு சம்பந்தப்பட்டிருந்தது. ஸ்கோபோலமைன் என்ற மருந்தைப் பானத்தில் கலந்தால் ஆள் விழித்திருப்பது போல இருந்துகொண்டே வங்கி எண்ணைச் சொல்லும். முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குக் கூப்பிடாதேங்கோ, வைத்துவிட்டுப் போன கிளாசைத் திரும்ப எடுக்காதேங்கோ. லேராஸ் பூங்காப் பக்கம் பாலியல் சுற்றுலாத் தொல்லையும் பெரிது, 2024 ஏப்ரலில் மேயர் அந்தப் பகுதியில் ஆறு மாதத்துக்குப் பாலியல் தொழிலுக்கே தடை போட வேண்டி வந்தது. எல் பொப்லாதோ 'பாதுகாப்பான இடம்' என்று எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

நகர மையம் பகலில் பயமில்லை, கடை பூட்டிய பிறகு வேண்டாம். இரவில் செயலியில் வண்டி பிடியுங்கோ. சட்டத்தில் அவற்றுக்குத் தெளிவில்லை என்பதால் சாரதி முன் இருக்கையில் இருக்கச் சொல்வார், அதில் பிழையில்லை. அம்மாவுக்கு என்ன சொல்வது? நேரத்தோடு படுத்து நேரத்தோடு எழும்புகிறேன் என்று சொல்லுங்கோ, நம்புவாவோ தெரியாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆஸ்துமா இருந்தால் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை தவிர்க்கவும். பள்ளத்தாக்கின் மேல் மேகம் மூடி வாகனப் புகை வெளியேறாமல் நிற்கும். சியாதா என்ற அமைப்பு மணிக்கு மணி காற்றின் தரத்தை இணையத்தில் போடுகிறது.

நள்ளிரவுக்_குறியாளர் எழுதியது:

சரி, முடிவு செய்துவிட்டேன். ஜூன் கடைசியில் போய் செப்டம்பர் நடுவில் திரும்புகிறேன். பெரிய மழைக்கு முன்னால் வந்துவிடலாம், ஆகஸ்ட்டில் பூத்திருவிழாவும் பார்க்கலாம். என்விகாதோவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் ஒரு அறை, மெட்ரோவுக்கு நடக்கும் தூரம், முதல் மாதத்துக்கு மட்டும் பேசியிருக்கிறேன். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது, இதுவரை மொழிபெயர்ப்புச் செயலியில் நன்றாகவே பேசிக்கொண்டோம். கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அடுத்த வாரம் போகிறேன். கறார் சார், உங்களுக்குத் திருப்தியா?

கறார்பேர்வழி எழுதியது:

பாதி. அந்த அம்மாளுக்கு வாடகையை நேரத்துக்குக் கொடுங்கள்.

நள்ளிரவுக்_குறியாளர் எழுதியது:

கடைசிக் கேள்வி. இங்கே இருக்கும் சின்ன இண்டக்‌ஷன் அடுப்பையும் குக்கரையும் எடுத்துப் போகலாமா?

புளிக்குழம்பு எழுதியது:

குக்கர் எடுத்துப் போங்கள், அடுப்பு வேண்டாம். அங்கே 110 வோல்ட், நம் 230 வோல்ட் அடுப்பு வேலை செய்யாது. மடிக்கணினி, போன் சார்ஜரில் '100-240' என்று அச்சிட்டிருக்கும், அவற்றுக்குத் தட்டைக் கால் இரண்டு உள்ள அமெரிக்க வகை அடாப்டர் போதும். என்விகாதோ வீடு என்றால் பெரும்பாலும் குழாய் எரிவாயு அடுப்பு இருக்கும், ஆசிரியையிடம் கேட்டுவிடுங்கள். குக்கருக்கு உதிரி ரப்பர் வளையம் இரண்டு வையுங்கள், நம்மூர் அளவு அங்கே கிடைக்காது.